ஆறு நட்சத்திர வண்டி

வெர்மான்ட், அமெரிக்கா
கார்த்திகை 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா முட்டிவலிக்கு எண்ணெய் போடுகிறார்களா, இல்லை மறந்துவிடுகிறார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “டொயோட்டா, ஹோண்டா எல்லாம் இருக்கறப்போ பேர் தெரியாத கம்பெனி வண்டியை, அதுவும் பத்து வருசத்துக்கு மேல ஓடுனதை எதுக்குப் பாப்பா வாங்குனே?” என்று கேட்டீர்கள். பட்டறையில் நாற்பது வருடம் சுத்தியல் சத்தத்திலேயே இருந்த காதுக்கு நான் சொன்னது பாதிதான் எட்டியிருக்கும். அதனால், சுபாரு என்ற இந்த ஜப்பான் கம்பெனி வண்டியை ஏன் வாங்கினேன் என்று எழுதுகிறேன். நைட் டூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்துவிட்டேன். வெளியே பனி கொட்டுகிறது, நேரமும் இருக்கிறது.

முதலில் இந்த ஊர் ரோட்டைச் சொல்கிறேன். நவம்பரில் தொடங்கும் பனி ஏப்ரல் வரை போகாது. அது போனதும் சேறு. இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் மண் சாலைதான். வெயில் வந்ததும் மேல்மண் இளகிவிடும். அடிமண் உறைந்தே கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்காது. ரோடே நடவுக்குச் சேறடித்த வயல் மாதிரி ஆகிவிடும். அந்த மாதங்களுக்குச் சேற்றுக் காலம் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நான் குடியிருப்பது மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊர், ஆஸ்பத்திரி கீழே பர்லிங்டனில். பனி என்று சொல்லி டூட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. ஐ.சி.யூ.வில் இருப்பவர் காத்திருக்க மாட்டார்.

போன ஜனவரியில் ஒரு நாள் விடிகாலை டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தேன். அப்போது வைத்திருந்தது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. மெதுவாக வழுக்கிப் போய் ஓரத்துப் பனிமேட்டில் சாய்ந்து நின்றுவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. (இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) எங்கள் வீட்டுக்கார அம்மா அவருடைய சுபாருவை எடுத்து வந்தார். அதே மேட்டில், அதே பனியில் நின்று, கயிறு கட்டி என் வண்டியை இழுத்துவிட்டார். சக்கரம் ஒரு சுற்றுகூட வீணாகச் சுழலவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் அப்பா.

நான் வாங்கியது அவுட்பேக் என்ற மாடல், 2014-ல் வந்தது. 1,12,000 மைல், அதாவது நம் கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜ் என்ன என்றுதான் அடுத்து கேட்பீர்கள். எனக்கு லிட்டருக்குப் பதினொன்று கிடைக்கிறது. பனிக்காலத்தில் இன்னும் குறையும்.

சரி, இன்ஜினுக்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு முன் செவர்லே ஃபாரஸ்டர் என்று நம் நாட்டில் ஒரு வண்டி விற்றது நினைவிருக்கிறதா? சேலத்து டாக்டர் ஒருவர் அதில் வந்திருந்தபோது நீங்கள் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்ஜின் எங்கடா, படுத்துட்டிருக்கா?” என்று கேட்டீர்கள். அது சுபாரு செய்த வண்டிதான் அப்பா. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்த காலத்தில் செவர்லே பெயரை ஒட்டி இந்தியாவில் விற்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் கைகழுவிவிட்டது. இன்று அதே ஐந்தில் ஒரு பங்கு உங்கள் டொயோட்டாவிடம் இருக்கிறது. ஆக, நீங்கள் சொன்னதை நான் முழுசாகத் தட்டிவிடவும் இல்லை.

நீங்கள் அன்று சொன்னது சரிதான், இன்ஜின் படுத்துத்தான் இருக்கிறது. நம் லாரியில் பிஸ்டன்கள் நிமிர்ந்து நின்று மேலும் கீழும் ஓடும். இதில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று நான்கும் படுக்கைவாட்டில் இருக்கின்றன. எதிரெதிரே இருக்கும் இரண்டு பிஸ்டன்கள் சேர்ந்தே வெளியே போய், சேர்ந்தே உள்ளே வரும். குத்துச்சண்டைக்காரர்கள் தொடங்கும் முன் இரண்டு கையுறையையும் முட்டிக்கொள்வார்களே, அதுபோல. பாக்சர் இன்ஜின் என்ற பெயர் அதனால்தான். ஒன்றின் உதறலை எதிரில் இருப்பது வாங்கிக்கொள்கிறது. எடை முழுவதும் தாழ்வாக உட்கார்ந்துவிடுவதால் வளைவில் வண்டி சாய்வது குறைவு. இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, அதன் முதுகிலேயே கியர்பாக்ஸ், அங்கிருந்து ஷாஃப்ட் நேராகப் பின் ஆக்சிலுக்குப் போகிறது. நடுவில் ஒரு நூல் பிடித்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே எடை. இன்ஜினை இப்படிப் படுக்கவைப்பதை 1966-லேயே தொடங்கியவர்கள் இன்னும் விடவில்லை.

குறையும் உண்டு. ஸ்பார்க் பிளக் மாற்றப் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டும், நீங்களாக இருந்தால் நிச்சயம் திட்டுவீர்கள். பழைய 2.5 லிட்டர் இன்ஜின்களில் ஹெட் கேஸ்கட் கசிவது இங்கே ஊரறிந்த விஷயம். பழைய வண்டி வாங்கும்போது முதலில் கேட்பதே அதைத்தான். என் வண்டியில் இருப்பது அதற்கு அடுத்து வந்த இன்ஜின், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் போட்டது. அப்புறம் டயர். நான்கு சக்கரமும் எப்போதும் இழுப்பதால் நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்து, மற்ற மூன்றும் நன்றாகத் தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவுக்கு இப்போதே கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தக் கம்பெனி எங்கிருந்து வந்தது தெரியுமா? விமானத்திலிருந்து. நகாஜிமா சிக்குஹேய் என்பவர் 1917-ல் கடற்படை வேலையை விட்டுவிட்டு, குன்மா மாநிலத்து ஓட்டாவில் விமானம் செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் சண்டை விமானங்கள் பல அந்தத் தொழிற்சாலையில் பிறந்தவை. 1945-ல் தோற்றதும் இனி விமானமே செய்யக்கூடாது என்று தடை வந்துவிட்டது. அத்தனை தொழிலாளர்களும் என்ன செய்வார்கள்? 1946-ல் ராபிட் என்று ஒரு ஸ்கூட்டர் செய்தார்கள். முதல் மாதிரி வண்டிக்கு டயர் கிடைக்காமல், மீந்து கிடந்த குண்டுவீச்சு விமானத்தின் வால் சக்கரத்தை எடுத்து மாட்டினார்கள். உடைந்த லாரியின் பட்டையை அடித்து நீங்கள் கடப்பாரை செய்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு அந்தக் கம்பெனியைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டார்கள். 1953-ல் அதில் ஐந்து துண்டுகள் மறுபடி சேர்ந்து, ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியைத் தொடங்கின. முதல் தலைவர் கிட்டா கென்ஜி காருக்கு வைத்த பெயர்தான் சுபாரு. அது ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பானியப் பெயர். ஒன்றுசேர்வது என்ற பொருளும் அதில் உண்டு. எந்த நட்சத்திரக் கூட்டம் தெரியுமா அப்பா? நம் கார்த்திகை. வண்டியின் முன்னால் நீல நீள்வட்டத்தில் ஒரு பெரிய நட்சத்திரமும் ஐந்து சின்ன நட்சத்திரங்களும் இருக்கின்றன. ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு பெரிய கம்பெனி ஆன கணக்கு. மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு நீங்கள் காட்டிய அதே அறுமீன். ஆறு கார்த்திகைப் பெண்கள் வளர்த்த ஆறு குழந்தைகளை உமையவள் சேர்த்து அணைத்ததும் ஆறுமுகனாக ஆனான் என்று அம்மா சொல்லும் கதையை இதோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவுக்கு இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

1958-ல் வந்த சுபாரு 360 தான் ஊரெல்லாம் ஓடியது. 356 சிசி இன்ஜின், அதுவும் பின்னால். விமானப் பொறியாளராக இருந்த மொமோசே ஷின்ரோக்கு வடிவமைத்தது. நான்கு பேர் உட்காரலாம். பொறிவண்டு என்றே ஜப்பானில் செல்லப் பெயர். அதை 1968-ல் அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தபோது, பெரிய பெரிய கார்களுக்கு நடுவே ஓட்டுவது ஆபத்து என்று ஒரு நுகர்வோர் பத்திரிகை தள்ளிவிட்டது. அதோடு இந்த நாட்டில் கதை முடிந்திருக்க வேண்டியது.

முடியாமல் போனதற்குக் காரணம் ஜப்பானிலேயே இருந்த ஒரு மின்சாரக் கம்பெனி. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்து இதைத்தான் முதலில் எழுத வந்தேன். வடக்கே தோஹோக்கு பகுதி முழுக்கப் பனிமலை. அங்கே மின்கம்பி பார்க்கும் லைன்மேன்கள் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். கொல்லிமலை ஏறும் நம் ஈ.பி. ஜீப் எப்படி இருக்கும், குளிரும் குலுக்கலும்தானே. காருக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும், பனியில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், அப்படி ஒன்று செய்து தாருங்கள் என்று தோஹோக்கு மின்சாரக் கம்பெனி கேட்டது. இருந்த ஸ்டேஷன் வேகனிலேயே பின் ஆக்சிலுக்கும் இழுவை கொடுத்துப் பார்த்தார்கள், ஓடியது. 1972-ல் லியோனி என்ற பெயரில் கடைக்கு வந்தது. கரண்ட் போனால் நள்ளிரவிலும் கிளம்ப வேண்டியவர்களுக்காகச் செய்த வண்டி அது. டூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த லைன்மேன்களை நினைத்துக்கொள்கிறேன்.

தம்பியிடம் சொல்லுங்கள், அவன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நீல வண்டி, தங்க நிறச் சக்கரம் போட்டது, அதுவும் இதே கம்பெனிதான். 1995-ல் காலின் மெக்ரே என்ற கார் பந்தய வீரர் உலக ராலி பட்டம் வென்றது அதில்தான்.

இங்கே யார் யார் இதை வாங்குகிறார்கள் என்று 1990-களில் கம்பெனியே ஆராய்ந்து பார்த்தது. ஆசிரியர்கள், எங்களைப் போல ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள், கம்ப்யூட்டர் துறையினர், காடு மலை சுற்றுபவர்கள். இவர்களோடு, பெண்ணும் பெண்ணுமாகக் குடும்பம் நடத்துபவர்களும் நிறைய இருந்தார்கள். மற்ற கம்பெனிகள் தயங்கிய காலத்தில் சுபாரு அவர்களுக்கென்றே விளம்பரம் செய்தது. டென்னிஸ் ஆடிய மார்ட்டினா நவ்ரத்திலோவா அந்த விளம்பரங்களில் வந்தார். எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் அப்படி ஒரு தம்பதிதான் அப்பா. ஒருவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், இன்னொருவர் மாட்டு வைத்தியர். இப்படிப்பட்ட இணைகளைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள 2000-லேயே முதலில் வழி செய்த மாநிலம் இது. “எங்களையும் மனுசங்களா நினைச்சு வண்டி விக்க வந்தாங்க” என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டயம் ஒட்டியிருக்கிறார்கள், அதில் 5 என்ற எண். இது அவர்களுடைய ஐந்தாவது சுபாரு என்று அர்த்தம். கேட்டால் கம்பெனியே அனுப்பும். எங்கள் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நடந்தால் இந்தப் பட்டயங்களை எண்ணிக்கொண்டே போகலாம்.

போன வாரம் டூட்டிக்குப் போகும்போது வானம் தெளிந்திருந்தது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே மலைக்கு மேலே கார்த்திகை ஏறியிருந்தது. ஆறையும் எண்ணினேன், குளிரில் கண்ணில் தண்ணீர் வந்து கலங்கிவிட்டதால் மறுபடியும் எண்ணினேன்.

இந்தக் கடிதத்தோடு வண்டிக்கு அடியில் எடுத்த நான்கு படங்கள் வைத்திருக்கிறேன். ரோட்டில் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்கள், அது அடியில் ஒட்டி இரும்பைத் தின்கிறது. லாரி சேஸிஸுக்கு நீங்கள் பழைய ஆயில் அடிப்பது போல இங்கேயும் அடிக்கு எண்ணெய் அடிக்கும் பழக்கம் உண்டு, அடித்துவிட்டேன். மூன்றாவது படத்தில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் செம்மண் மாதிரி ஒரு இடம் தெரிகிறது. அது மேல்துருவா, உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். பேனாவால் வட்டம் போட்டு, தம்பியை விட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா