வேதியியல் கட்டடத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

சென்னையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய வேதியியல் கட்டடம், பின்புறம் எழுந்த புதிய பகுதியோடு சேர்ந்து இந்தப் பருவம் முதல் முழுமையாக இயங்குகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே எளிது என்று பலரும் சொன்னபோது, சுவர்களைத் தட்டிப் பார்த்து, இன்னும் தாங்கும் என்று எழுதிக் கையொப்பமிட்ட பொறியாளர்களுக்கே முதல் நன்றி உரியது.

மெட்ராஸ் ஒட்டுக் கூரையைச் செப்பனிட விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார்களையும் சித்தாள்களையும் தனியே குறிப்பிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்புக் கலவையில் விட்டு அரைத்து, தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் அவர்கள் அடுக்கிச் சென்றதை வகுப்பு முடிந்த மாணவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். கரண்டியில் எடுத்த கலவையைக் கவிழ்த்துப் பார்த்தே மேஸ்திரி பதம் சொன்னார். தேறிய பழைய தேக்கு, தச்சர்களின் கைவண்ணத்தில் நூலக மேசைகளாகியிருக்கிறது.

வேதியியல் ஆய்வகத்தில் மின்சாரத்தை விழுங்குவது விளக்குகளைவிட, நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுள்ள பெட்டிகளான ஃப்யூம் ஹூட்கள்தாம். நச்சுப்புகை கலந்த காற்றைத் திரும்ப அறைக்குள் விட முடியாது என்பதால், குளிரூட்டிய காற்றும் அதோடு வெளியேறிவிடுகிறது. கண்ணாடிக் கதவை இறக்கியதும் உறிஞ்சும் காற்றின் அளவு தானே குறையும் அமைப்பை வலியுறுத்திய வடிவமைப்பாளர்களுக்கு நன்றி. மாடிப்படியையும் கழிப்பறைகளையும் மேற்கே வைத்து மாலை வெயிலைத் தடுத்தவர்களும் அவர்களே. வகுப்பறைகளுக்கு வடக்கு வெளிச்சமும் மின்விசிறியும் போதும் என்றார்கள், ஏ.சி. கேட்டவர்களுக்கு அது கசந்ததை மறைப்பதற்கில்லை.

திரவத்தை ஆவியாக்கிப் பிரிக்கும் வாலைவடிப்பின்போது, அந்த ஆவியைக் குளிர்விக்கும் கண்டன்சர் வழியே ஓடி வீணாகச் சாக்கடைக்குப் போன குழாய் நீரைத் தொட்டியில் பிடித்து, குளிர்வித்து, மறுபடியும் சுற்றவிடலாம் என்ற யோசனை ஆய்வக உதவியாளர்களுடையது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தவர்கள் அவர்கள். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவும் குறைவு, பலனும் கண்கூடு.

வேலை நடந்த காலமெல்லாம் தங்கள் ஆய்வகங்களில் எங்களுக்கு இடம் தந்து, இரைச்சலையும் தூசியையும் பொறுத்துக்கொண்ட இயற்பியல் துறையினருக்கும், பெயர்ப்பலகை கேளாமல் நிதி தந்த முன்னாள் மாணவர்களுக்கும், வேதிப்பொருள் புட்டிகளைப் பட்டியலிட்டு ஒன்றும் உடையாமல் இடம் மாற்றிய ஆராய்ச்சி மாணவர்களுக்கும் துறை கடமைப்பட்டிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு துறை அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. கொடையாளர்கள் வேலை நாள்களில் வந்து கணக்கையும் கட்டடத்தையும் பார்வையிடலாம்.

நன்றியுடன்,
துறைத்தலைவர்,
வேதியியல் துறை