காட்சி விளைவு வகுப்புகளை மணிக்கணக்கில் அளக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்சி விளைவு மென்பொருள்களை இணையவழியில் கற்பதற்கான வகுப்புகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மணி நேரக் காணொளி, எத்தனை பாடங்கள், சான்றிதழ் உண்டா, கட்டணம் எவ்வளவு என்ற நான்கு கட்டங்களுக்குள் ஒவ்வொரு வகுப்பும் அடக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கம்பாசிட்டிங் (தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைத்தல்) பணியில் இருப்பவன் என்ற முறையிலும், வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களின் ஷோரீல்களை, அதாவது அவர்கள் செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்புகளை, பார்த்துத் தேர்வு செய்யும் பொறுப்பு சில காலமாக என்னிடம் இருப்பதாலும், அந்த அட்டவணையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மாணவர் செய்த பயிற்சியை யாரேனும் பார்த்துத் திருத்துகிறார்களா என்பதே அது. காணொளிக்கு இன்று பஞ்சமில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டியது திருத்தத்தைத்தான்.

முதலில் ஒரு சிறு தெளிவு. வி.எஃப்.எக்ஸ், அதாவது காட்சி விளைவு, படிக்கப் போவதாகச் சொல்பவரிடம் அதில் எந்த வேலை என்று கேட்டால், பெரும்பாலும் ஏதாவது ஒரு மென்பொருளின் பெயர்தான் பதிலாக வருகிறது. படத்திலிருந்து ஓர் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கத்தரித்தெடுக்கும் ரோட்டோ, கயிற்றையும் தாங்குகம்பியையும் அழிக்கும் பெயின்ட், கேமராவின் அசைவைக் கணினிக்குள் மீட்டெடுக்கும் மேட்ச்மூவ், நெருப்பையும் புகையையும் நீரையும் உண்டாக்கும் எஃப்.எக்ஸ், இவை அனைத்தையும் ஒரே படமாக இணைக்கும் கம்பாசிட்டிங் என்று இத்துறையில் தனித்தனித் தொழில்கள் இருக்கின்றன. கொத்து வேலையும் தச்சு வேலையும் ஒரே வீட்டில்தான் நடக்கின்றன என்றாலும் இரண்டுக்கும் கை வேறு, கண் வேறு. டிஜிட்டல் டொமைன் ஸ்டுடியோவில் சொந்தப் பயன்பாட்டுக்காக உருவாகி, 2007இல் ஃபவுண்டரி நிறுவனத்தின் கைக்கு வந்த நியூக் என்ற மென்பொருள் கம்பாசிட்டிங்குக்கு உரியது. 1996இல் வெளிவந்த ஹூடினியின் பலம் புகை, நீர், இடிபாடு போன்றவற்றின் இயக்கத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் சிமுலேஷனில் இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் லேயர்களை (படலங்களை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலை செய்வது. நியூக்கும், ஃபியூஷன் என்ற மற்றொரு கம்பாசிட்டிங் மென்பொருளும், ஒவ்வொரு செயலுக்கும் உரிய சிறு கட்டங்களான நோட்களைக் கோத்து வேலை செய்பவை. ஃபியூஷன் கற்றவர் நியூக்குக்கு மாறுவது அவ்வளவு கடினமில்லை. லேயர் பழகிய கை நோட்டுக்கு மாறத்தான் நேரம் பிடிக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் கற்றுத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

இனி திருத்தம். அண்மையில் நான் பார்த்த ஒரு ஷோரீலில், பச்சைத் திரைக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் உருவம் மாலை நேரத் தெருவொன்றில் பொருத்தப்பட்டிருந்தது. வண்ணம் ஓரளவு இசைந்திருந்தது. ஆனால் காற்றில் பறக்க வேண்டிய முடிக்கற்றைகள் ஒன்றுகூட இல்லை. தலை, தொப்பி அணிந்ததுபோல் மழுங்கியிருந்தது. உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மறைப்பாகிய மேட்டை ஏன் இவ்வளவு உள்ளே தள்ளினீர்கள் என்று கேட்டபோது, முடியின் ஓரத்தில் வெண்கோடு ஒன்று தெரிந்ததாகவும் அதை மறைக்கவே அப்படிச் செய்ததாகவும் அந்த இளைஞர் சொன்னார். வெண்கோடு எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் நாற்பது மணி நேரக் காணொளிப் பாடத்தை முழுமையாகப் பார்த்து முடித்தவர்.

நடந்தது இதுதான். ஓரத்தில் இருக்கும் ஒரு பிக்சலின் உண்மையான நிறமதிப்பு 0.8 என்றும், அதன் ஆல்ஃபா, அதாவது ஒளிபுகாத் தன்மையின் அளவு, 0.5 என்றும் கொள்வோம். ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கப்பட்ட படத்தில் அது 0.4 என்று பதிவாகியிருக்கும். அந்தப் படத்தை ஆல்ஃபாவால் வகுத்து மீட்காமல் அப்படியே எடுத்து, நடுத்தர ஒளிர்வை மாற்றும் காமாவை 2 என்று உயர்த்தினால், 0.4இன் வர்க்கமூலமாகிய 0.63 கிடைக்கிறது. முறைப்படி முதலில் வகுத்து, 0.8க்குக் காமாவைக் கொடுத்து, பிறகு மீண்டும் ஆல்ஃபாவால் பெருக்கினால் கிடைக்க வேண்டியது 0.45 மட்டுமே. அந்த வித்தியாசம்தான் வெண்கோடு. ஆல்ஃபாவால் வகுக்கும் அன்பிரிமல்ட் என்ற ஒரே ஒரு நோட்டை முன்னாலும், பெருக்கும் பிரிமல்ட்டைப் பின்னாலும் போட்டிருந்தால் முடிக்கற்றைகள் பிழைத்திருக்கும். அவர் பார்த்த காணொளியில் இந்த நோட்களின் பெயர் வந்திருக்கவே செய்யும். ஆனால் ஆசிரியர் எடுத்துக்காட்டிய ஷாட்டில் காமா மாற்றம் தேவைப்படாததால் பிழை தலைகாட்டியிருக்காது. தன் ஷாட்டில் அது தலைகாட்டியபோது, அவருடைய ஸ்கிரிப்டை, அதாவது நோட்கள் கோத்த வேலைக் கோப்பை, திறந்து பார்த்து இங்கேதான் தவறு என்று சொல்ல ஆளில்லை. பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

ஆகவே, பணம் கட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. மொத்தத்தில் எத்தனை ஷாட்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள், அதைப் பாடம் நடத்துபவரே செய்வாரா அல்லது வேறு உதவியாளர் செய்வாரா, எத்தனை நாளில் பதில் வரும், திருத்தியபின் அதே ஷாட்டை மறுபடியும் அனுப்பலாமா? கடைசிக் கேள்வியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஸ்டுடியோவில் ஒரு ஷாட் முதல் பதிப்பிலேயே ஒப்புதல் பெறுவது அரிது; பத்தாம் பதிப்பு, பதினைந்தாம் பதிப்பு என்று எண் ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரின் குறிப்பைப் புரிந்துகொண்டு, சொன்னதை மட்டும் மாற்றி, சொல்லாததைக் கெடுக்காமல் வைத்திருப்பதே அன்றாட வேலை. இந்தப் பழக்கத்தை எந்தக் காணொளியும் தர முடியாது. நன்றாக இருக்கிறது, தொடருங்கள் என்று ஒரு வரியில் முடிந்துவிடும் கருத்துகளைத் திருத்தம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது பயிற்சிக்கான மூலப்படங்கள், அதாவது பிளேட்கள். இதில் நானே பட்டிருக்கிறேன். தொடக்க காலத்தில் நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு வகுப்பில், ஆசிரியர் மிக அருமையான பிளேட்களைக் கொண்டு, பச்சைத் திரையை நீக்கி உருவத்தைப் பிரிக்கும் கீயிங் கற்பித்தார். ஆனால் அவற்றை மாணவர்களுக்குத் தர உரிமையில்லை என்பதைப் பணம் கட்டிய பின்னரே சொன்னார்கள். பச்சைத் துணியைச் சுவரில் தொங்கவிட்டு, கைப்பேசியில் நானே எடுத்துப் பயிற்சி செய்தேன். ஓரமெல்லாம் படிக்கட்டுப் படிக்கட்டாக வந்தது. இரண்டு வாரம் என் கையில்தான் குறை என்று நினைத்து, கீயரின் ஒவ்வொரு எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கைப்பேசிக் காணொளி வழக்கமாக 4:2:0 என்ற முறையில் பதிவாகிறது என்பதும், அதில் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிறத் தகவல்தான் இருக்கும் என்பதும், நிறத்தை நம்பிப் பிரிக்கும் கீயிங்குக்கு அது போதாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. திரைப்பட வேலைகளில் கம்பாசிட்டருக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது 16 பிட் ஓப்பன் இ.எக்ஸ்.ஆர் கோப்புகள், இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003இல் பொதுவில் வெளியிட்ட வடிவம் அது. அத்தகைய பிளேட்களைத் தரும் வகுப்பு, காணொளி குறைவாக இருந்தாலும் மேலானது. தராத வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை உருவாக்கும் பிளெண்டர் அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட டியர்ஸ் ஆஃப் ஸ்டீல் என்ற குறும்படத்தின் படப்பிடிப்பு மூலங்கள் பொது உரிமத்தில் கிடைக்கின்றன, காட்சி விளைவுப் பயிற்சிக்கு அவை மிகவும் ஏற்றவை.

வகுப்பு எப்போது பதிவு செய்யப்பட்டது என்பதும் அட்டவணையில் இல்லை. பிளெண்டரின் 2.80 பதிப்பு 2019 ஜூலையில் வந்தபோது முகப்பே மாறியது. அதுவரை வலது சொடுக்கில் பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதன்பின் இடது சொடுக்குக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய பாடத்தைப் பார்த்துப் படிக்கும் புதியவர் முதல் பத்து நிமிடத்திலேயே தடுமாறுவார். ஹூடினியில் 2019இன் இறுதியில் வந்த 18ஆம் பதிப்போடு புகை, நெருப்புக்கான பைரோ அமைப்பு பெரிதும் மாறிவிட்டது. பைத்தான் நிரல்மொழியின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததால், அந்தக் காலத்து ஸ்கிரிப்டிங் பாடங்களில் உள்ள நிரல்கள் பல இன்றைய நியூக்கிலும், மாயா என்ற முப்பரிமாண மென்பொருளிலும் அப்படியே ஓடுவதில்லை. எனினும் பழைய பாடம் என்பதாலேயே ஒதுக்கிவிடவும் கூடாது. நான் மேலே சொன்ன ஆல்ஃபா கணக்கைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984லேயே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். நியூக்கில் படங்களை இணைக்கும் மெர்ஜ் நோட்டில் இன்றும் இருப்பது அதே கணக்குதான். பொத்தானைக் காட்டும் பாடத்துக்குத் தேதி பார்க்க வேண்டும். ஒளி, லென்ஸ், கிரெய்ன் (படத்தில் தெரியும் நுண்துகள் தன்மை), கறுப்பின் அளவு ஆகியவற்றை விளக்கும் பாடத்துக்கு அவ்வளவாகத் தேவையில்லை. இரண்டில் எது நம் கையில் இருக்கிறது என்பதை இலவசமாகக் காட்டப்படும் முன்னோட்டப் பாடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஓர் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது ஏன் அந்த எண் என்று ஆசிரியர் சொல்கிறாரா என்று கவனித்தால் போதும். பாடத்தின் நடுவே ஏதோ தவறாகப் போய், அதை அவர் வெட்டிவிடாமல் தேடிச் சரிசெய்வதையும் காட்டியிருந்தால், அவரை நான் கூடுதலாக நம்புவேன்.

மென்பொருளுக்கான செலவு பற்றி இரண்டு வரி. பிளெண்டர் முழுக்க இலவசம். டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்புக்குள் ஃபியூஷனும் அடங்கியிருக்கிறது. ஹூடினிக்கு அப்ரென்டிஸ் என்ற பதிப்பும், நியூக்குக்கு வணிகமல்லாத பயன்பாட்டுக்கான பதிப்பும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; முன்னதில் படத்தின் மேல் நீர்க்குறி விழும், பின்னதில் வெளியீட்டு அளவு 1920க்கு 1080 என்பதைத் தாண்டாது. கற்பதற்கு இவை தாராளமாகப் போதும் என்பதால், பூட்டு உடைத்த திருட்டுப் பதிப்பை இறக்கிக்கொள்ளச் சொல்லும் வகுப்பில் சேர எந்தக் காரணமும் இல்லை.

சான்றிதழைப் பொறுத்தவரை, இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் நான் அதைக் கேட்டதில்லை. உடன் பணிபுரிபவர்கள் கேட்டும் பார்த்ததில்லை. ஷோரீலைத்தான் பார்க்கிறோம். அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஒரே ஷாட்டை, ஒரே பின்னணியுடன், ஒரே நொடியில் வெடிக்கும் அதே வெடிப்போடு அனுப்புகிறார்கள். மூன்றாவது முறை அதே வெடிப்பைப் பார்க்கும்போது, இதில் மாணவரின் பங்கு எது, ஆசிரியரின் கோப்பு எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. இறுதிப் பயிற்சியை மாணவரே தேர்ந்தெடுத்து, தானே படமெடுத்துச் செய்ய விடும் வகுப்புகளிலிருந்து வருபவர்களின் ஷோரீல் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும், அவர்களோடு பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய அட்டவணையை வெளியிடும்போது, காணொளியின் மணிக்கணக்குக்கும் சான்றிதழுக்கும் ஒதுக்கிய இடத்தில், எத்தனை ஷாட்கள் திருத்தப்படும், பிளேட்கள் தரப்படுமா, மென்பொருளின் எந்தப் பதிப்பில் பாடம் பதிவாகியிருக்கிறது என்ற மூன்று தகவல்களை வகுப்பு நடத்துபவர்களிடம் கேட்டுப் பெற்று அச்சிட வேண்டுகிறேன். பதில் தர மறுப்பவர்களின் கட்டத்தை வெற்றாகவே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகரான ஒரு கம்பாசிட்டர்