அவர் போன பிறகும் உலை கொதித்தது

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம்.

பதில் தாமதமானதற்கு எங்கள் மகளிர் குழுதான் காரணம். பதினொரு வருடமாகக் குழுவைத் தூக்கி நிறுத்திய அக்கா ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் நாங்கள் பதினாறு பேரும் சேர்ந்தோம். அவர் போனதும், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. தீர்மான நோட்டைத் திறந்தால் கடைசியாக எழுதியது இரண்டு வருடத்துக்கு முன்பு. தப்பு எங்களுடையதுதான். அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று இருந்துவிட்டோம்.

அன்று இரவெல்லாம் எனக்கு எம்.ஜி.ஆர். நினைவுதான். 1982 ஜூலை 1 அன்று திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினாரே, அப்போது நாம் மூன்றாம் வகுப்பு. அலுமினியத் தட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மணி அடிக்கக் காத்திருப்போம். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். காமராஜர் காலத்து மதிய உணவை அத்தனை பெரிதாக விரிக்க, ஜனங்கள் தன்னோடு நிற்பார்கள் என்று தெரிந்த ஒருவரால்தான் முடிந்தது. இதை யார் மறுத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான்.

ஆனால் 1984 தேர்தலை நினைத்துப் பார். புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவருக்குப் பேச்சே சரியாக வராத காலத்திலும், அடுத்து யார் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. 1987 டிசம்பர் 24-ல் அவர் இறந்தபோது அப்பா மொட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. துக்கம் ஆறுவதற்குள் கட்சி இரண்டாகிவிட்டது. ஜானகி அம்மாள் ஆட்சி 24 நாள்தான் நின்றது. 1989 தேர்தலில் இரட்டை இலையே இல்லை. ஒரு பக்கம் சேவல், இன்னொரு பக்கம் இரட்டைப் புறா. அப்பா அந்த முறை ஓட்டுப் போடவே போகவில்லை.

அந்தக் குழப்பத்திலும் நம் பள்ளிக்கூடத்தில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது, சரோஜா. அங்கே அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்கள் இருந்தார்கள், அரிசி இருப்புக்குப் பதிவேடு இருந்தது. எதிர்க்கட்சியாக இருந்த கலைஞர் ஆட்சிக்கு வந்ததும் அதை நிறுத்தவில்லை, முட்டையும் சேர்த்தார். கட்சிக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்ய எம்.ஜி.ஆருக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை.

சரி, குழு விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக மூன்று நோட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் குழுவில் வருடா வருடம் தலைவியை மாற்றுவதாக முன்பு எழுதியிருந்தாய். மாறும்போது பாஸ்புக்கையும் கணக்கையும் எப்படி ஒப்படைக்கிறீர்கள், யார் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? விவரமாக எழுது. பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் கூட்டம், அதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
விஜயா