"வெளிய வந்தா மறுபடியும் பண்ணுவானா?"

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகளில் தண்டனையை இன்னும் கடுமையாக்கச் சொல்லிச் சென்ற வாரம் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. சென்னையில் இந்த வழக்குகளில் குழந்தைகளுக்குத் துணையாக நீதிமன்றம் போய்வருகிறவள் நான்.

போன மாதம் ஒரு தீர்ப்பு நாள். வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் எட்டு வயது மகளையும் அந்த அம்மா அழைத்து வந்திருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள் குழந்தை. உள்ளே, அவர்கள் தெருக்காரனான அந்த ஆள் கைகூப்பி அழுதான். திருந்திவிட்டார், தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றார் அவனுடைய வக்கீல். ஐந்து வருடம் கிடைத்தது. படியிறங்கும்போது அம்மா கேட்டார்: "வெளிய வந்தா மறுபடியும் பண்ணுவானா மேடம்?" அப்போது இவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகியிருக்கும்.

இந்தக் கேள்விக்காகவே வெளிநாடுகளில் பல வருடங்களாக ஆராய்ச்சி நடக்கிறது. கனடாவின் கார்ல் ஹான்சனும் கெல்லி மார்ட்டன் பூர்கோனும் 2005-ல் 82 ஆய்வுகளைத் திரட்டி, 29,450 பாலியல் குற்றவாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். ஐந்தாறு வருடங்களில் 13.7 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கினார்கள். வெளியே தெரிய வந்தவை மட்டும்தான் இந்தக் கணக்கில் உண்டு. யார் மறுபடி செய்யக்கூடும் என்பதற்கு இரண்டு விஷயங்கள் பெரிதாகத் தெரிந்தன: பிறழ்ந்த பாலியல் நாட்டம், எந்தச் சட்டதிட்டத்துக்கும் அடங்காத சுபாவம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறானா, பாதிக்கப்பட்டவருக்காக இரங்குகிறானா என்பதற்கும் மறுபடி செய்வதற்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. நாம் நீதிமன்றத்தில் பார்த்து இளகுவது அதையேதான்.

சரி, சிறையில் கவுன்சலிங் கொடுத்தால் போதுமா? இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இதற்கென்றே ஒரு சிகிச்சைத் திட்டம் வருடக்கணக்கில் நடந்தது. 2017-ல் வந்த அரசு ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதமும் பெறாதவர்களில் 8 சதவீதமும் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். திட்டத்தை நிறுத்தினார்கள். நல்லெண்ணத்தில் ஆரம்பித்ததையும் அளந்து பார்த்து, தவறென்று தெரிந்ததும் நிறுத்திய அந்த நேர்மை இங்கேயும் வேண்டும்.

யார் மறுபடி செய்யக்கூடும் என்று கணிக்க வெளிநாட்டில் வைத்திருக்கும் கருவியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஹான்சனும் டேவிட் தோர்ன்டனும் 1999-ல் உருவாக்கிய 'ஸ்டேட்டிக்-99'-ல் பத்துக் கேள்விகள். துணையோடு இரண்டு வருடமாவது சேர்ந்து வாழ்ந்தானா என்பது அதில் ஒன்று. வீட்டில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைக்கும் ஊரில் அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்? முன்பு பாலியல் குற்ற வழக்கு உண்டா என்று இன்னொன்று. மானம் போய்விடும் என்று புகாரே கொடுக்காத இடத்தில், பலருக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

"அவனுங்களுக்கு எதுக்கு டாக்டரு?" என்று என் நாத்தனாரே கேட்டார். அவனை ஆராய்வது அந்தத் தெருவில் இருக்கிற மற்றக் குழந்தைகளுக்காக. புழல் சிறையில் கைதிகள் இருக்கிறார்கள். 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. தண்டனை பெற்ற ஒவ்வொருவரையும் மருத்துவ உளவியலாளர் மதிப்பிட வேண்டும், விடுதலைக்கு முன் மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம் பத்து வருடமாவது விடாமல் பின்தொடர வேண்டும். அரசு இதை ஓர் ஆராய்ச்சியாக எடுத்துச் செய்தால், நம் ஊருக்கான கருவி நம்மிடமிருந்தே வரும்.

அன்று அந்த அம்மாவுக்கு என்னால் சொல்ல முடிந்தது, "வேற ஏரியாவுல வீடு பாருங்கம்மா" என்பது மட்டும்தான். அட்வான்ஸ் கொடுக்கப் பணமில்லை என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை