மேகங்கள் மோதி இடி இடிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கோடை மழைக் கட்டுரையில் ‘இரு மேகங்கள் மோதும்போது இடி பிறக்கிறது’ என்று ஒரு வரி. ஊட்டியில் மேகம் மலைமீதே மோதிக்கொண்டு கிடக்கிறது. முக்கால்வாசி நாள் ஒரு சத்தமும் இல்லை! தாங்கள் அறியாததல்ல, அச்சுக்குப் போகுமுன் யாரும் படிக்கவில்லை போலும்.

மோதல் நடப்பது மேகத்துக்குள்ளே. நம் பக்கம் சுமார் 5 கி.மீ. உயரத்திலேயே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். இடிமேகமோ 15 கி.மீ.யையும் தாண்டி வளரும். பூஜ்ஜியத்துக்கும் கீழான அந்தப் பகுதியில், உறையாமலே அதிகுளிர்ந்த நீர்த்திவலைகளுக்கு நடுவே, நொய்யரிசி போன்ற பனிக்குருணைகளும் மெல்லிய பனிப்படிகங்களும் உரசிக்கொள்கின்றன. பெரும்பாலும் குருணை எதிர்மின்னூட்டம் பெற்று நடுவில் தங்க, படிகம் நேர்மின்னூட்டத்தோடு மேலெழும் காற்றில் உச்சிக்குப் போய்விடுகிறது. இந்த மின்னழுத்த வேறுபாடு முற்றி மின்சாரம் பாய்வதே மின்னல். அதன் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரிக்குச் சூடாகிச் சட்டென்று விரிகிறது. அந்த அதிர்வுதான் இடி.

இது ஒன்றென்றால் விட்டிருப்பேன். ரப்பர் செருப்பு மின்னலிலிருந்து காக்கும் என்று முன்பு எழுதினீர்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வருவதை அரை அங்குல ரப்பர் தடுக்குமாம். காருக்குள் தப்பிப்பது டயரால் அல்ல. மின்சாரம் வெளித்தகடு வழியாகவே தரைக்குப் போய்விடுவதால். மரத்தில் இறங்கும் மின்னல் அடியில் நிற்பவர்மீது தாவும். தரையில் பரவுவது மாட்டின் முன்னங்கால் வழி ஏறிப் பின்னங்கால் வழி இறங்கும். ஒரே மரத்தடியில் நாலைந்து மாடுகள் சேர்ந்து சாவது இதனால்தான். உங்கள் செய்தியில் அது ‘இயற்கையின் சீற்றம்’.

மழைக்கணக்கு இன்னும் மோசம். காலை 8.30க்கு முடிந்த 24 மணி நேர அளவை, அதில் பெரும்பகுதி நேரம் முந்தின நாளுடையது என்று பாராமல், அன்றைய மழையாகப் போடுகிறீர்கள். மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக்கி ஒரு தாலுகாவையே மூழ்கடித்ததும் உண்டு. திருத்தம் வந்ததாக நினைவில்லை. இயற்பியல் நடத்தும் எங்களிடம் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையை நீட்டித்தான் வாதாடுகிறார்கள்.

கேட்பது நாலு வரி இடம்தான். மின்னலுக்குப் பின் 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போகவும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். மழைக்காலம் முடியும்வரை தினமும் இதைப் போடுங்கள். ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்