சாட்சிக்கும் போலீஸ் பாதுகாப்பு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

இசட் பிளஸ், ஒய் பிரிவுப் பாதுகாப்பு பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. பிரதமருக்கு எஸ்பிஜி என்ற சிறப்புப் பாதுகாப்புப் படை. முன்னாள் பிரதமர்களுக்கு, 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதவி விட்டு 5 ஆண்டு வரைதான். மற்ற தலைவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று உளவுத்துறை கணித்துச் சொல்லும். சரி, அதெல்லாம் தெரிந்ததுதான். கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகும் சாதாரண ஆளும் போலீஸ் பாதுகாப்பு கேட்கலாம் என்பதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

என் தம்பி, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊரான வேலந்தாவளத்தில் பால் வண்டி ஓட்டுகிறான். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் கோவை மாவட்டத்துத் தோப்பு ஒன்றில் நடந்த கொலை முயற்சியை நேரில் பார்த்தவன். சாட்சிப் பட்டியலில் பெயர் ஏறியதிலிருந்து மிரட்டல். "நீ எந்த ரோட்ல வர்றேன்னு தெரியும்" என்று போனில் சொல்கிறார்கள். இங்கே ஸ்டேஷனில் சொன்னால் கேஸ் தமிழ்நாட்டில், அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் கேரளாக்காரர்கள், அதுவும் இதெல்லாம் பெரிய ஆட்களுக்குத்தான் என்றார்கள். அப்புறம் ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் வழி தெரிந்தது.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே ஏற்று, தனிச் சட்டம் வரும்வரை இதுவே சட்டம் என்று சொல்லிவிட்டது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. மனுவை அதற்குக் கொடுக்க வேண்டும். டிஎஸ்பி விசாரித்து அறிக்கை தருவார். அறிக்கை வந்து 5 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். வீட்டைச் சுற்றி ரோந்து, கூடவே காவலர், கோர்ட்டுக்குப் போலீஸ் துணை, எல்லாம் அதில் உண்டு. ஒரு தடவைக்கு 3 மாதம் வரை. பதவியோ பணமோ கேட்கவில்லை. ஆபத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கச் சொல்கிறது.

எங்களைப் போன்ற எல்லையோரத்தாருக்கு இன்னொரு சிக்கல். குற்றம் நடந்த மாவட்டத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது கோவை. உத்தரவு அங்கே வந்தாலும் தம்பி ராத்திரி தூங்குவது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில். அவன் வீட்டுப் பக்கம் ரோந்து வருவது யார்? இரண்டு மாவட்ட எஸ்பிகளும் பேசி இதை முடிவு செய்ய வேண்டும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சி ஸ்டேஷன்களில் இந்தத் திட்டத்தைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த குடும்பங்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் நிறைய.

மனு கொடுத்துவிட்டோம். எத்தனை மிரட்டினாலும் தம்பி சாட்சி சொல்லத்தான் போகிறான். அவன் கூண்டில் ஏறும் தேதிக்கு முன்பே உத்தரவு வர வேண்டும்.

ஒரு சாட்சியின் அக்கா,
வேலந்தாவளம்
(பெயரை வெளியிட வேண்டாம்)