எடைக் கருவியோடு இஞ்ச் டேப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரைத் தாக்கும் சர்க்கரை நோய் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உணவு முறையையும் கால் பராமரிப்பையும் விளக்கியிருந்த விதம் மிகவும் பயனுள்ளது. ஆனால், அதனுடன் வெளியிட்டிருந்த உயரத்துக்கேற்ற எடை அட்டவணையைப் பார்த்து, தம் எடை அதற்குள் அடங்குவதால் தமக்குச் சர்க்கரை வராது என்று அறுபது வயதைக் கடந்த எவரும் இருந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியீட்டெண், முதுமையில் இரண்டு வகையிலும் பிசகுகிறது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. அதே காலத்தில் வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. ஒன்று குறைந்து மற்றொன்று கூடுவதால் எடைக் கருவி பத்து ஆண்டுகளாக ஒரே எண்ணைக் காட்டலாம், சில வேளை குறைத்தும் காட்டலாம். மறுபுறம், முதுகெலும்பு தேய்ந்து உயரம் குறையும்போது, உடலில் கொழுப்பு கூடாமலேயே குறியீட்டெண் உயர்ந்துவிடுகிறது. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். வயிற்றுக் கொழுப்போ இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஆகவே தசை மெலிந்து தொப்பை வளர்ந்த முதியவர், எடை சரியாக இருந்தும் ஆபத்தில் இருக்கிறார்.

சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் உருவாக்கி 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையில் உடல் எடைக்கு இடமே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கை மட்டுமே அது கேட்கிறது. ஐம்பது வயது நிறைந்தவருக்கு வயதுக்காகவே 30 மதிப்பெண். உடற்பயிற்சியும் உழைப்பும் இல்லையென்றால் மேலும் 30. மொத்த மதிப்பெண் அறுபதைத் தொட்டாலே அதிக அபாயம் என்பதால், வீட்டோடு உட்கார்ந்திருக்கும் முதியவர் இடுப்பை அளக்கும் முன்பே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எட்டினால் மேலும் 10 சேரும். பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 100 என்று ஏறினால் அந்த 10-க்குப் பதில் 20.

கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அளக்கும் விதம் குறித்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். இடுப்பு எவ்வளவு என்று கேட்டால், ஆண்கள் பெரும்பாலும் பேண்ட் அளவைச் சொல்வார்கள். பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்கு அந்த அளவு மிகக் குறைவாகவே வரும். பெண்களுக்குப் புடவைக் கொசுவத்தின் மேலேயே டேப்பைச் சுற்றினால் கூடுதலாகக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, உடலை ஒட்டி, இறுக்காமல் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாது. தையல்காரரின் இஞ்ச் டேப்பே இதற்குப் போதும். 80 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம், 90 என்பது முப்பத்தைந்தரைக்குச் சற்றுக் குறைவு.

அளவு கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் பட்டினி கிடக்கத் தொடங்கும் முதியோரை நினைத்தால் எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது. இரண்டு வேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால் கொழுப்புக்கு முன்பாகத் தசை போய்விடும், கீழே விழும் ஆபத்தும் கூடும். பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்றவற்றைக் குறைக்காமல் சோற்றின் அளவைக் குறைப்பதும், நடையோடு கால், கைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சேர்ப்பதுமே நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த நடுத்தர வயதினரிடம் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே, உணவு, உழைப்பு மாற்றங்களால் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. முயற்சி எடுக்காமலேயே எடை குறைந்தால் அதற்காக மகிழாமல் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதுவே சர்க்கரை நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீடு தேடி வருகிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் படிவத்திலும் இடுப்புச் சுற்றளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை உத்தேசமாக நிரப்பாமல் அளந்தே எழுதும்படி, படிவத்தை நிரப்பும் பணியாளரிடம் வாசகர்கள் உரிமையோடு கேட்க வேண்டும். தாங்களும் அடுத்த இதழில், அந்த எடை அட்டவணைக்கு ஈடாக, இடுப்பளவின் எல்லைகளையும் அளக்கும் முறையையும் ஒரு படத்துடன், முதியோர் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மன்னார்குடி.